பாட்டுக்கடை பதில்கள்: வேஷம் கட்டிய ஆறு பேர்

போன இதழில் 'மனசு சோர்ந்த நாளில் என்ன கேட்பீர்கள்?' என்ற கேள்விக்கு, வில்லேஜ் பீப்பிள் என்ற அமெரிக்க டிஸ்கோ நடன இசைக் குழுவின் 'லைவ் அண்ட் ஸ்லீசி' ஆல்பம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள் சார். போனில் தேடிக் கேட்டேன். முதல் பாதியில் கூட்டத்தின் ஆரவாரம் இருக்கிறது, இரண்டாம் பாதியில் இல்லை. பாடுகிற குரலும் வேறு மாதிரி இருக்கிறது. படத்தைப் பார்த்த தோழிகள் 'போலீஸும் கட்டட மேஸ்திரியும் டான்ஸ் ஆடுறாங்களா?' என்று சிரிக்கிறார்கள். இதில் உங்களுக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது?
கல்லூரி மாணவி, பாலக்கோடு

நல்ல காது உனக்கு, கண்ணு. அது இரண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பம். 1979-ல் கேசபிளாங்கா கம்பெனி வெளியிட்டது. முதல் தட்டு மேடையில் பதிவானது, அதில் முன்னால் நின்று பாடுபவர் விக்டர் வில்லிஸ். இரண்டாவது தட்டு ஸ்டூடியோ பதிவு. அதற்குள் வில்லிஸ் விலகிவிட, ரே சிம்சன் வந்து பாடினார். 'ஸ்லீசி' என்ற பாட்டை மட்டும் கட்டடத் தொழிலாளி வேஷம் போட்ட டேவிட் ஹோடோ பாடியிருக்கிறார். ஒரே அட்டைக்குள் ஒரு குழுவின் பழைய குரலும் புதிய குரலும் இருப்பது அபூர்வம். அதை நீ போனில் கேட்டே கண்டுபிடித்துவிட்டாய்.

குழு பிறந்த கதையைச் சொன்னால் உன் தோழிகளுக்கும் பிடிக்கும். ஜாக் மொராலி, ஹென்றி பெலோலோ என்று இரண்டு பிரெஞ்சு இசைத் தயாரிப்பாளர்கள். நியூயார்க்கில் கிரீன்விச் வில்லேஜ் பகுதியின் நடன விடுதிகளில் ஆண்கள் கௌபாய் மாதிரியும், தோல் உடை பைக்காரர் மாதிரியும் உடுத்தி ஆடுவதைப் பார்த்தார்கள். இந்த வேஷங்களையே ஒரு குழுவாக்கினால் என்ன என்று தோன்றியது. முதல் ஆல்பம் 1977-ல் வந்தபோது குழு என்று முழுதாக ஒன்று அமையவே இல்லை. தட்டு ஓட ஆரம்பித்ததும் மேடையில் நிற்க ஆள் தேவைப்பட்டது. ஆண்மைத் தோற்றமுள்ளவர்கள் தேவை, ஆடத் தெரிய வேண்டும், மீசை இருக்க வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். மீசை கட்டாயம் என்று பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுத்தது இந்த ஒரு இடத்தில்தான் நான் கேள்விப்பட்டது. நம் ஊரில் அப்படி விளம்பரம் கொடுத்திருந்தால் வரிசை நான்கு ரோடு வரை நின்றிருக்கும்.

கடைசியில் அமைந்தவர்கள் ஆறு பேர். வில்லிஸ் போலீஸ், ஃபெலிப்பே ரோஸ் இறகுக் கிரீடம் வைத்த அமெரிக்கப் பழங்குடி, ராண்டி ஜோன்ஸ் கௌபாய், ஹோடோ மஞ்சள் தொப்பித் தொழிலாளி, க்ளென் ஹியூஸ் தோல் உடை, அலெக்ஸ் பிரைலி ராணுவ வீரர்.

சரி, எனக்கு ஏன் பிடிக்கிறது? கூட்டம். அந்த முதல் தட்டில் கூட்டம்தான் ஏழாவது பாடகர். வில்லிஸ் ஒரு பாதிரியாரின் மகன், அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். அங்கே போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் சொல்லும். பதில் வருவதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் ஆயிரக்கணக்கான பேரை அவரால் அப்படித் தன் பக்கம் இழுக்க முடிந்தது. ஸ்டூடியோவில் பாடிய 'மாச்சோ மேன்' அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரில் ஆள் இருக்கும்போது அதே பாட்டுக்கு ஒரு முறுக்கு ஏறுகிறது. பாடுகிறவர் சிரித்துக்கொண்டே பாடுவது குரலில் தெரிகிறது. அந்தச் சிரிப்பில் ஏளனம் கிடையாது. தன் சட்டையைத் தானே ரசிக்கிறவனின் சிரிப்பு அது.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தபோது லாரி டிரைவர்கள் நிறைய வருவார்கள். "தொப்பூர் மலை இறங்குற வரைக்கும் கண்ணு அசரக் கூடாதுண்ணா, அந்த மாதிரி பாட்டா போட்டுக் கொடு" என்பார்கள். இளையராஜா, எஸ்.பி.பி. எல்லாம் பதிந்து கொடுத்துவிட்டு, இடம் மிச்சம் இருந்தால் இந்த மேடைத் தட்டிலிருந்து எடுத்துச் சேர்ப்பேன். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதவர் திரும்பி வரும்போது "அந்தக் கூட்டம் கத்துமே, அதையே ஒரு பக்கம் பூரா போட்டுடு" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் கேட்டது பாட்டை மட்டும் அல்ல, அந்தக் கூட்டத்தையும்தான். ராத்திரி தனியாக வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் அத்தனை பேர் கைதட்டிக்கொண்டு வருவது எப்பேர்ப்பட்ட துணை! 45 வருடம் கழித்து நீ போனில் கேட்கும்போதும் அந்தக் கைத்தட்டல் அப்படியே இருக்கிறது பார்.

உன் தோழிகள் சிரிக்கட்டும், நல்லதுதான். அந்த ஆறு பேர் விரும்பியதும் அதைத்தான். சிரித்துவிட்டு எழுந்து ஆட வேண்டும், அவ்வளவுதான்.

எங்க அப்பா பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவர். இந்தக் குழுவின் பழைய வீடியோ ஒன்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இவங்களும் நம்ம தொழில்காரங்கதான்டா' என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணா?
வாசகர், பென்னாகரம்

உங்கள் அப்பா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்லிவிட முடியும்? நூறு சதவீதம் சரி.

கூத்தில் துரியோதனன் எப்படி வருகிறார்? இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம். அப்புறம் கிரீடத்தின் நுனி. திரை விலகும்போது புஜக்கட்டை, மார்ப்பதக்கம், அரிதாரம் பூசிய முகம். வாய் திறந்து பாடுவதற்கு முன்னாலேயே கடைசி வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குத் தெரிந்துவிடும், வந்திருப்பது யார் என்று. அப்புறம் அவரே தன் பெயரையும் பெருமையையும் சொல்லி ஆடுவார். கட்டியங்காரன் இடையில் புகுந்து கிண்டல் செய்வான், கூட்டம் சிரிக்கும். சிரிப்பதால் துரியோதனனின் மதிப்பு குறைவதே இல்லை. விடிந்ததும் அவர் சாகிற படுகளத்தில் அதே மக்கள் அழுவார்கள்.

வில்லேஜ் பீப்பிள் செய்ததும் இதுதான். ஆடையே ஆளைச் சொல்லிவிடுகிறது. எல்லாம் ஒரு மடங்கு பெரிது: மீசை பெரிது, பெல்ட் பெரிது, கை வீச்சு பெரிது. மேடைக்கு அது தேவை. வீட்டுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாகச் செய்தால் பத்தாவது வரிசைக்கே போய்ச் சேராது. இந்த மாதிரி மிகையை முழு மனதோடு செய்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். பாதி மனதோடு செய்தால் அசிங்கமாகிவிடும். 'நான் சும்மா விளையாட்டுக்குத்தான் பண்றேன்' என்று கண்ணடித்துக்கொண்டே செய்தாலும் கெட்டுப்போகும். வில்லிஸ் அந்தப் போலீஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு பாடும்போது அதில் ஒரு துளி தயக்கம் இருக்காது. உங்கள் அப்பா கிரீடம் வைக்கும்போதும் அப்படித்தானே?

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த கூத்து எந்த ஊரில் என்று எழுதினால் வந்து பார்ப்பேன்.

இந்தக் குழுவின் 'ஒய்.எம்.சி.ஏ.' பாட்டில் வருவதும், புத்தகக் காட்சி நடக்கிற சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வும் ஒன்றா ஐயா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

அதே கிறிஸ்தவ இளைஞர் சங்க இயக்கம்தான் ஐயா. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர் நண்பர்களோடு ஆரம்பித்தது. வேலை தேடி நகரத்துக்கு வந்து, தெரிந்தவர் யாருமில்லாமல் தவிக்கிற இளைஞர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். அமெரிக்காவில் அது குறைந்த வாடகை அறை, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் என்று வளர்ந்தது. பாட்டும் அதைத்தான் சொல்கிறது: இளைஞனே, சோர்ந்து போகாதே, ஊருக்குப் புதுசா இருக்கிறாயா, உனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று. ஓசூர் தொழிற்பேட்டைக்கு அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் ஒரு பையோடு போய் இறங்குகிற பையன்களை நினைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், தொண்டை அடைக்கும்.

ஆசிரியர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கூடைப்பந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் உருவாக்கினார். வாலிபால் விளையாட்டும் 1895-ல் வில்லியம் மார்கன் என்ற ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர் கண்டுபிடித்தது. நம் மாவட்டத்தில் சாயங்காலமானால் ஊருக்கு ஊர் வலை கட்டி ஆடுகிறார்களே, அதன் வேர் அங்கே. ஹாரி பக் ஆரம்பித்த, இப்போது நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

பாட்டு 1978-ல் 'க்ரூசின்' ஆல்பத்தில் வந்தது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். பாட்டின் பெயரிலுள்ள நான்கு ஆங்கில எழுத்துகளைக் கைகளால் காட்டி ஆடுவது குழு கற்றுக்கொடுத்தது கிடையாது. 1979 ஜனவரியில் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் தாங்களாகவே ஆடிக் காட்டினார்கள், குழு அதை எடுத்துக்கொண்டது. எனக்கு இந்தப் பாட்டின் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ரசிகர்கள் கொடுத்ததைத் தலைவணங்கி வாங்கிக்கொண்டார்களே, எத்தனை பாடகர்கள் அப்படிச் செய்வார்கள்? நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் பேஸ்பால் மைதானத்தில் ஊழியர்கள் ஆட்டத்தின் நடுவில் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டே அந்த எழுத்துகளைக் காட்டி ஆடுவது 1996-லிருந்து வழக்கம். 2020-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் பாட்டைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

1979-லேயே டிஸ்கோ செத்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் செத்த இசையைத்தானே நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம்?
வாசகர், அரூர்

சாகவில்லை. கொல்லப் பார்த்தார்கள், அதுதான் நடந்தது.

1979 ஜூலை 12. சிகாகோவில் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளருக்கு டிஸ்கோ ஆகாது. ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் அந்தத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து தரையை நாசமாக்கியது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ என்பது பெரும்பாலும் கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்கர்களும், தன்பாலீர்ப்பாளர்களும் வளர்த்த இசை. அந்த வெடியின் புகையில் இசை மீதான வெறுப்பு மட்டும் இருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. தட்டுகளை விற்றும் பதிந்தும் பிழைத்தவன் நான். பாட்டை எரிக்கிற படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதே வருடம்தான் 'லைவ் அண்ட் ஸ்லீசி' ஆல்பமும் வந்தது. இரண்டாவது தட்டில் 'ரெடி ஃபார் தி எய்ட்டீஸ்' என்று ஒரு பாட்டு, வரப்போகிற பத்தாண்டுக்கு நாங்கள் தயார் என்று உற்சாகமாக வரவேற்கும். எண்பதுகள் அவர்களுக்கு நல்லதாக அமையவில்லை. 1980-ல் அவர்கள் நடித்த 'கான்ட் ஸ்டாப் தி மியூசிக்' படுதோல்வி. மிக மோசமான படத்துக்கான ரேஸி விருது முதன்முதலில் அதற்குத்தான் போனது. அடுத்த வருடம் வேஷங்களையே கழற்றிவிட்டு வேறு கோலத்தில் ஓர் ஆல்பம் போட்டார்கள், எடுபடவில்லை. மறுபடி வேஷம் கட்டியதும் மேடை திரும்பக் கிடைத்தது. மொராலி 1991-லும் ஹியூஸ் 2001-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வில்லிஸ் பல வருடங்களுக்குப் பிறகு 2017-ல் குழுவுக்குத் திரும்பினார்.

இசை என்ன ஆனது? ஒவ்வொரு அடிக்கும் ஒரு பாஸ் டிரம், நடுவில் 'ட்ஸ்' என்று திறந்து மூடும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளம், நிமிடத்துக்கு 120 அடி பக்கமாக ஓடும் தாளம். பிலடெல்பியாவின் டிரம் கலைஞர் எர்ல் யங் இந்த அடிக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர். அதே அடிதான் பெயர் மாறி ஹவுஸ், டெக்னோ என்ற புது நடன இசைகள் ஆனது. தமிழில் 1982-ல் 'சகலகலா வல்லவன்' வந்து, வாலி எழுத எஸ்.பி.பி. பாடிய அந்தப் புத்தாண்டுப் பாட்டைப் பாருங்கள். டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்கு அதைப் போடாத ரேடியோ செட் தர்மபுரியில் உண்டா?

என் மகன் இந்தப் பாட்டுகளை வீட்டில் சத்தமாக வைக்கிறான். இது தன்பாலீர்ப்பாளர்களின் குழு என்று உறவினர் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் கேட்கலாமா?
இல்லத்தரசி, காவேரிப்பட்டணம்

தாராளமாகக் கேட்கலாம் அம்மா. மொராலி தன்பாலீர்ப்பாளர். இந்த வேஷங்களும் தாளமும் தன்பாலீர்ப்பாளர்கள் கூடி ஆடிய விடுதிகளிலிருந்துதான் வந்தன. குழுவில் இருந்த எல்லாரும் அப்படி இல்லை. உலகம் ஒதுக்கிய மனிதர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட சந்தோஷத்தை, உலகம் பூராவும் கல்யாணத்திலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நமக்குச் செய்த பெரிய உபகாரமாகத்தான் நான் அதை நினைக்கிறேன். மகன் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லுங்கள். வயதுக்கு மீறிய குறும்பு சில பாட்டுகளில் உண்டு, அது நம் சினிமாப் பாட்டில் இருப்பதைவிட அதிகமில்லை. சத்தத்தை மட்டும் பரீட்சை சமயத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

மேடைப் பதிவு என்று வருவதெல்லாம் உண்மையிலேயே மேடையில் பாடியதா?
ஒலி அமைப்பாளர், ஓசூர்

தொழில் தெரிந்தவர் கேட்கிறீர்கள், தொழில் முறையிலேயே சொல்கிறேன். பொதுவாக மேடையில் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காகப் பதிவார்கள். கூட்டத்துக்கென்று தனி மைக் வைப்பார்கள். பிறகு ஸ்டூடியோவில் கலப்பார்கள். அப்போது பிசகிய வரியை மறுபடி பாடிச் சேர்ப்பதும், கைத்தட்டலைக் கூட்டுவதும் எழுபதுகளில் சாதாரணம். இன்றைக்கும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: பாட்டின் வேகம் கூட்டத்தோடு சேர்ந்து ஏறுகிறதா? கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையில் நல்ல ஆர்கெஸ்ட்ரா வாசித்தால், கூட்டம் எழுந்ததும் டிரம்மர் கை தானாக மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அதை ஸ்டூடியோவில் ஒட்டவைக்க முடியாது.

கூட்டத்து மைக்கைப் பற்றி ஒரு வேண்டுகோள். நம் ஊர்க் கச்சேரிகளைப் பதியும்போது மிக்ஸரிலிருந்து நேராக வயர் போட்டு எடுத்துவிடுகிறார்கள். பாட்டு சுத்தமாக வரும், உயிர் இருக்காது. இரண்டு மைக்கை மக்கள் பக்கம் திருப்பி வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்கிறவருக்கு, விசில் அடித்தவர் முதற்கொண்டு எல்லாரும் வேண்டும்.

தங்கை கல்யாண வரவேற்புக்கு இந்த ஆல்பத்திலிருந்து ஏதாவது போடலாமா?
வாசகர், பர்கூர்

போடலாம். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு போடுங்கள். முதலில் பெரியவர்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு இரண்டு, அப்புறம் 'ஒய்.எம்.சி.ஏ.' மேடைப் பதிவு. சின்னப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தி அந்த நான்கு எழுத்தைக் கையால் காட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். மாப்பிள்ளை வீட்டு மாமாக்கள் தானாக வந்து சேர்ந்துகொள்வார்கள்.

பெங்களூரு அவென்யூ ரோட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவில் இந்த ஆல்பத்தின் தட்டுகள் கிடைத்தன. பூஞ்சை பிடித்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?
வாசகர், தேன்கனிக்கோட்டை

கொடுத்துவைத்தவர் நீங்கள். முதலில் தூசியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில், பேட்டரிக்கு ஊற்றுவார்களே அதில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். தட்டின் கோடுகள் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த வேறொரு துணியால் ஒருமுறை துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். பூஞ்சை பிடித்த பழைய உள்ளுறையில் மறுபடி போடாதீர்கள், புது உறை வாங்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும், புத்தகம் மாதிரி நிற்கவையுங்கள். தேன்கனிக்கோட்டை குளிருக்கும் ஈரத்துக்கும் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

முள் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு, மேடைத் தட்டை முதலில் போடுங்கள்.